முனி வளைவில் நின்றிருந்த வேன்

இரட்டை வெள்ளைக் கோட்டைத் தாண்டினாள், பள்ளிப் பிள்ளைகளின் உயிரோடு விளையாடினாள் என்று ஜீவராணி மீது வழக்கு எழுதிய பொலிஸ் சார்ஜனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த விஷயத்தில் என்னையும் மன்னிக்கவில்லை. ஏன் என்று சொல்லிக்கொண்டே வருகிறேன்.

ஜீவராணி எனக்கு மகள் முறை. என் சித்தப்பா மகன் பொன்னுத்துரைக்கும் தங்கம்மாவுக்கும் மூத்த பிள்ளை. அவளுக்கு அடுத்தது ஒன்று பிறந்து பதினோராம் நாள் போய்விட்டது. கடைசி அஜந்தன், கொழும்பில் ஃபோன் கடையில் நிற்கிறான். தங்கம்மா கொடகவெலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாழ வந்தவள். அவளுடைய அப்பா இறப்பர் பால் ஏற்றும் லொறியில் கிளீனராக இருந்தவர். அந்த இரத்தமோ என்னவோ, ஜீவராணிக்குச் சின்ன வயதிலிருந்தே வண்டி என்றால் பைத்தியம். கொழுந்து ஏற்ற வரும் டிராக்டரின் பின்னால் ஓடி ஓடி இரண்டு முறை முழங்காலை உடைத்துக்கொண்டாள்.

நிவித்திகலைக்கு மேலே கரும்பாறைத் தோட்டம், அதில் மேல் டிவிசன் எங்களுடையது. அங்கிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றும் வேனை முதலில் ஓட்டியவன் ஜீவராணியின் புருஷன் பிரதாப். ஒரு மழைநாளில், ஏற்றத்தில் நின்ற வேனின் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கியவன் மேல் மண் சரிந்தது. இடுப்பு உடைந்து ஏழு மாதம் படுக்கையில் கிடந்தான்; எழுந்த பிறகும் அவனால் வண்டி ஓட்ட முடியவில்லை. அந்த ஏழு மாதத்துக்குள் ஜீவராணி டவுனுக்குப் போய்ப் பழகி, லைசன் எடுத்து, வேனை ஓட்டத் தொடங்கிவிட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்த முதல் நாள், கடை வாசலில் நின்ற ஆம்பிளைகள் கேட்டார்கள்.

"ஏம்மா, காலு எட்டுதா? பலகை கிலகை போட்டுத் தரவா?"

"ஒங்க வீட்டுப் புள்ளைய ஏத்தாம விட்டுட்டுப் போறேன் பாருங்க. அப்பத் தெரியும், எட்டுதா எட்டலையான்னு."

அன்றைக்குச் சிரித்தவர்களின் பிள்ளைகளும் சேர்த்துப் பதினான்கு பேரை ஆறு வருஷம் ஏற்றி இறக்கினாள். வேனில் ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு தடவை, நின்றுகொண்டிருந்த வேனின் பின்னால் ஒரு ஆட்டோக்காரன் வந்து மோதிவிட்டு, அவள்தான் ரிவர்ஸ் எடுத்தாள் என்று சாதித்தான். டவுனே கூடி அவன் பக்கம் பேசியது. அதைக் கேட்டுத்தான் அஜந்தன் அடுத்த லீவில் வந்தபோது ஒரு கெமராவைக் கொண்டுவந்து முன் கண்ணாடிக்குள் ஒட்டினான். வேன் ஓடும்போது முன்னால் நடப்பதை எல்லாம் அது படம் பிடிக்கும், பேச்சையும் பிடிக்கும் என்றான்.

எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா, வண்டிக்குள் ஒரு சாமான் வந்தால் அதற்கு என்ன செய்வதென்று? ஆயுத பூஜை அன்று ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு ஜீவராணி அந்தக் கெமராவுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். கெமராவுக்கு நெற்றி எது, கண் எது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பொட்டில் பாதி கண்ணாடி மேலேயே அப்பிவிட்டது.

"கெமராவுக்கே பொட்டு வச்சுட்டியாடி? இனி தாலி ஒண்ணுதான் பாக்கி," என்று கட்டிலில் இருந்தபடியே பிரதாப் கேலி செய்தான்.

அதற்கப்புறம் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்குப் பிரஷர் கிளினிக். காலையில் பிள்ளைகளோடு நானும் வேனில் ஏறினேன். முன் சீட் எனக்கு.

எங்கள் ரோட்டில் பாதி இறக்கத்தில் முனி வளைவு இருக்கிறது. வளைவுக்கு இடப்பக்கம் ஒரு கல், கல்லுக்கு ஒரு தகரக் கூரை, கூரைக்குக் கீழே முனியாண்டி. தோட்டத்து வண்டி எதுவாக இருந்தாலும், அன்றைக்கு முதல் தடவை இறங்கும்போது அங்கே ஓரங்கட்டி நிற்காமல் போகாது. டிரைவர் இறங்கி ஒரு துண்டு கற்பூரம் ஏற்ற வேண்டும். நேரமில்லை, மழை என்ற சாக்கெல்லாம் அங்கே செல்லாது. ஜீவராணியும் வேனை ரோட்டை விட்டு நன்றாக ஓரத்துக்கு இறக்கி நிறுத்தினாள். எஞ்சினை நிறுத்தவில்லை. இறங்கிப்போய்க் கற்பூரத்தை வைத்தாள். தூறல். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. பிள்ளைகள் உள்ளே "அக்கா தோத்துட்டாங்க, அக்கா தோத்துட்டாங்க" என்று கத்தினார்கள். மூன்றாவது குச்சியில் பிடித்தது.

அந்த நேரத்தில்தான் எங்களுக்கு வலப்பக்கம் ரோட்டில் ஒரு பஸ் மெதுவாக இறங்கியது. அதன் பின்னால் ஒரு வெள்ளை ஜீப். வளைவு, இரட்டைக் கோடு, மழை, எதையும் பார்க்காமல் ஜீப் கோட்டைத் தாண்டி பஸ்ஸை முந்தியது. எதிரே மேலே ஏறி வந்த மோட்டார் சைக்கிள்காரப் பையன் ஒதுங்க இடமில்லாமல் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் போய் விழுந்தான். ஜீப் நிற்கவில்லை. பஸ்ஸும் நிற்கவில்லை.

ஜீவராணி கற்பூரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கானுக்குள் இறங்கி அந்தப் பையனைத் தூக்கி உட்காரவைத்தாள். சிங்களப் பையன். கையில் தோல் உரிந்து இரத்தம். காலை ஊன்ற முடியவில்லை. தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து, "இங்கனயே இரு தம்பி, கீழ பொலிஸ் நிக்குது, சொல்லிட்டுப் போறேன்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வந்து வேனை எடுத்தாள்.

பாருங்கள், யாரும் அவளை மறிக்கவில்லை. வளைவுக்குக் கீழே நேர் ரோட்டில் மஞ்சள் மழைக்கோட்டோடு நின்ற சார்ஜனுக்குப் பக்கத்தில் அவளே போய் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்காமல் அவளே இறங்கினாள். வேனுக்கு முன்னால் நின்று அவளே சொன்னாள்.

"மாத்தயா, மேல வளைவுல ஒரு பையன் விழுந்து கெடக்கான். ஒரு வெள்ள ஜீப்பு பஸ்ஸ முந்திக்கிட்டு வந்துச்சு. இப்பத்தான் இப்படிப் போச்சு."

சார்ஜன் வேனைப் பார்த்தார். வேனும் வெள்ளை.

"லைசன் எடு," என்றார்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லிப் பேசும் அளவுக்கு அவர் எனக்கு உறவில்லை.

"எனக்கு எதுக்கு மாத்தயா லைசன்? நான் நின்னுக்கிட்டுல்ல இருந்தேன்?"

"முதலாளி ஜீப்பைப் பத்திப் பேச நீ யாரு தங்கச்சி? லைசனை எடு. ஒருத்தன் விழுந்திருக்கான், நான் ரிப்போட் எழுத வேண்டாமா?"

லைசனை வாங்கிப் பைக்குள் போட்டார். புத்தகத்தை வேனின் பொனட் மேல் வைத்து எழுதினார், எழுதினார், அரைப் பக்கத்துக்கு எழுதினார். பிறகு அவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். லைசனைத் திரும்ப எடுப்பதற்கான துண்டு, அவ்வளவுதான் என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. சந்தையில் பேரம் பேசுவோம், பஸ்ஸில் சண்டை பிடிப்போம், பக்கத்துச் சிங்கள ஊரில் சாவு விழுந்தால் போய் உட்கார்ந்து அழுவோம். கேட்டால் ஒரு ஆள் நம்மைத் தமிழர் என்று கண்டுபிடிக்க மாட்டான். ஆனால் எழுத்து? அதில் ஒரு எழுத்து தெரியாது. வாய் இவ்வளவு நன்றாகப் பேசுகிறதே என்ற தைரியத்தில் வாசிக்கத் தெரியாததை வெளியே சொல்லவும் மாட்டோம். ஜீவராணியும் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், வாசிப்பதுபோல. அப்புறம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

நான் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னேன்.

"போட்டுரும்மா. பொலிசுக்காரங்க நீட்டுனா போட்டுட்டுப் போயிரணும். நமக்கு எதுக்கு வம்பு? புள்ளைங்களுக்கு மணி அடிச்சிரும்."

போட்டாள்.

அது வரை ஓட்டுவதற்கு என்று அவர் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. லைசன் எப்போது கிடைக்கும் என்று கேட்க இருவரும் பொலிசுக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளை எடுத்து உரக்க வாசித்தார். பிள்ளைகள் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு வளைவில் இரட்டைக் கோட்டைத் தாண்டி பஸ்ஸை முந்தினேன், அதனால் மோட்டார் சைக்கிள்காரர் விழுந்தார், என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். கீழே ஜீவராணியின் கையெழுத்து.

அவள் குனிந்து தன் கையெழுத்தையே பார்த்தாள்.

"கோர்ட்டுக்குத் திகதி போட்டிருக்கு," என்றார் அவர். "பிழைன்னு தீர்ந்தா லைசன் ஆறு மாசம் நிக்கும். பள்ளிப் பிள்ளைங்க ஏத்துற பெர்மிட்டும் போகும். அது வரைக்கும் சார்ஜன் தந்த துண்டை வச்சு ஓட்டு."

"எங்க வேன்ல கெமரா இருக்குது மாத்தயா. அதுல எல்லாம் இருக்கும். பாருங்க."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "கொழுந்து பறிக்கிற ஆக்களுக்கும் கெமரா வந்திருச்சாம்." பிறகு எங்களிடம், "கோர்ட்டுல காட்டு, போ."

வரும் வழியெல்லாம் எனக்கு வேறொரு தாள்தான் ஞாபகம். பொன்னுத்துரைக்கு ஒரு அக்கா இருந்தாள், மூக்காயி. எழுபதாம் ஆண்டுப் பக்கம் தோட்டத்துக்கு வந்த ஒரு அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து தாள் நீட்டினார். அரிசிக் கூப்பனுக்கு என்று எல்லோரும் நினைத்தோம். மூக்காயி தயங்கினாள். பக்கத்தில் நின்ற என் அப்பா, "வையி புள்ள, தொரமாருங்க நீட்டுனா வச்சிரணும்," என்றார். வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து அவளுக்கும் அவள் புருஷனுக்கும் இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்தியாவுக்குப் போகக் கேட்டது நீதான், கைநாட்டு இருக்கிறது என்றார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். அங்கே அவளுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. நான்கு கடிதம் வந்தது, அப்புறம் இல்லை. அப்பா அன்றைக்குச் சொன்ன அதே குரலில்தான் நானும் அந்த வேனில் இருந்து சொல்லியிருக்கிறேன். மூக்காயியைத் தெரிந்தவன் நான். தெரிந்தும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜீவராணி அஜந்தனைக் கூப்பிட்டாள். ஃபோனுக்கு வெளியே எங்களுக்குக் கேட்கும் அளவுக்கு அவன் கத்தினான்.

"அக்கா, வேன ஸ்டார்ட் பண்ணாத! அது சுத்திச் சுத்திப் பதியும். கார்டு நெறைஞ்சா பழசு மேலயே எழுதிரும். நேத்தையிலருந்து எத்தன ட்ரிப்பு ஓடுன?"

"ஆறு."

"இன்னும் ரெண்டு ஓடியிருந்தா போயிருக்கும். இப்பவே கழட்டு."

நகம் அளவுகூட இல்லாத அந்தக் கார்டைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தாள். திருநீற்றுப் பொட்டலத்துக்குள் வைத்து மடித்துத் தாலிக்கொடியில் கட்டிக்கொண்டாள். "சொன்னேன்ல, தாலி ஒண்ணுதான் பாக்கின்னு," என்றான் பிரதாப். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அஜந்தன் வந்து லெப்டொப்பில் போட்டுக் காட்டினான். எல்லாம் இருந்தது. ஒன்றைத் தவிர. படத்தின் வலப்பக்கம் முழுக்க ஒரே சிவப்பு. ஜீப் அந்தச் சிவப்புக்குள் புகுந்து வெளியே வரும்போது தூரம் போய்விட்டது. அஜந்தன் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். நம்பர் தெரியவில்லை. ஆயுத பூஜைக் குங்குமம்.

ஜீவராணி தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். "சாமிக்குன்னு வச்ச பொட்டு, திருட்டுப் பயலுக்குத் திரையாப் போச்சே!"

இதற்குள் தோட்டத்தில் ஆளுக்கொரு பேச்சு. பிள்ளைகளோடு கோட்டைத் தாண்டினாளாம் என்று தண்ணி பிடிக்கும் பீலியடியில் பேசினார்கள். மூன்று வீட்டார் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர்கள்; அவர்கள் சொன்னதைப் பெற்றவர்கள் நம்பவில்லை, பொலிஸ் எழுதியதை நம்பினார்கள். சங்கத்துத் தலைவர் வீட்டுக்கே வந்தார். "பிழைன்னு சொல்லிரும்மா. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். நான் பேசி ஆறு மாசத்த மூணாக்கிப் பாக்குறேன்."

"மூணு மாசம் என் புள்ளைங்க மூணு மைல் மழையில நடக்கட்டும்ங்கிறீங்களா தலைவரே? அதுக்கப்புறம் பெர்மிட்ட நீங்க தருவீங்களா? செய்யாததச் செஞ்சேன்னு சொன்னா, நாளைக்கு எந்தத் தாய் என்னை நம்பி ஏத்துவா?"

"பொலிசோட முட்டிக்கிட்டு..."

"நான் முட்டல தலைவரே. ஆளு விழுந்துட்டான்னு சொல்லப் போனேன்."

இரத்தினபுரியில் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் றம்ஸீன் என்ற லோயர் இருந்தார். வயது முப்பதுக்குள். படத்தை மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை பார்க்கும்போது எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, ஜீப்ப விடுங்க. நம்பர் இல்லாம அத ஒண்ணும் பண்ணேலாது. ஆனா ஒங்கள யாரும் தொடேலாது." பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கையெழுத்துப் போடச் சொல்றது யார்ட சத்தம்?"

"என்னோடது," என்றேன்.

"நீங்களும் வரணும். வரத் தேவையில்லண்டு நினைக்க வேணாம்."

கானுக்குள் விழுந்த பையனைச் சாட்சிக்குக் கேட்டுப் பார்த்தார். அவன் வேலை செய்வது ஒரு மாணிக்கக் குழியில். குழி யாருடையது என்றால், அதே ஜீப் முதலாளியுடையது. தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்பினான். அவனைக் கானுக்குள் இறங்கித் தூக்கியவளைக்கூட அவன் பார்க்கவில்லையாம்.

கோர்ட்டில் வரிசையாகப் பெயர் கூப்பிட்டார்கள். ஹெல்மெட் இல்லாதவன், லைட் இல்லாதவன், வரி கட்டாதவன், ஒவ்வொருவனும் கூண்டில் ஏறுவதற்கு முன்பே "பிழைதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். ஜீவராணி ஏறினாள். "நான் செய்யல," என்றாள். அதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவரே நிமிர்ந்து பார்த்தார்.

செய்யவில்லை என்றால் விசாரணை. முதல் திகதிக்குச் சார்ஜன் வரவில்லை. இரண்டாம் திகதிக்கும் வரவில்லை. எங்களுக்கு மட்டும் அதிகாலை பஸ், பகல் முழுக்க மர வாங்கில் உட்காருவது, மத்தியானம் கட்டிக்கொண்டு போன ரொட்டி. அவள் வராவிட்டால் பிடி ஆணை. அவர் வராவிட்டால் அடுத்த திகதி. நியாயத்துக்கு இரண்டு கால் இருக்கிறது என்றால், ஒன்றில் சப்பாத்து, ஒன்று வெறுங்கால்.

மூன்றாம் திகதிக்கு வந்தார். நல்ல சலவைச் சட்டை. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். நீதவான் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், பேச்சுக் குறைவு. மொழிபெயர்க்கும் ஐயா எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இந்த வேன் கோட்டைத் தாண்டி பஸ்ஸை முந்தினதை என் கண்ணால் பார்த்தேன்," என்றார் சார்ஜன்.

"வேன் அதற்கு முன்னால் எங்கேயாவது நின்றதா?" என்று றம்ஸீன் கேட்டார்.

"இல்லை. வேகமாக வந்தது."

"அந்த ரோட்டில் அந்த நேரம் வேறு வெள்ளை வாகனம்?"

"இல்லை."

றம்ஸீன் லெப்டொப்பைத் திறந்தார். உடனே பொலிஸ் தரப்பில் ஒருவர் எழுந்தார். படத்தில் ஒரு பக்கம் சிவப்பாக இருக்கிறது, இதில் கை வைத்திருக்கிறார்கள் என்றார்.

"என்ன அது?" என்று நீதவான் அம்மா ஜீவராணியைக் கேட்டார்.

"குங்குமம் அம்மா. ஆயுத பூசைக்கு வச்சேன். கெமராவுக்குக் கண்ணு எதுன்னு எனக்குத் தெரியல."

வாங்குகளில் சிரிப்பு. நீதவான் அம்மா சிரிக்கவில்லை. கெமராவைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பு இன்னும் காய்ந்துபோய் இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "போடுங்க," என்றார்.

படம் ஓடியது. கூரைக்குக் கீழே முனியாண்டி. முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கும் ஜீவராணி. முதல் குச்சி அணைகிறது. பிள்ளைகள் கத்துகிறார்கள். இரண்டாவது அணைகிறது. மூன்றாவது பிடித்துக்கொள்கிறது. பஸ் வருகிறது, சிவப்புக்குள் ஒரு வெள்ளை உருவம் பாய்கிறது, மோட்டார் சைக்கிள் சரிகிறது. வேன் அசையவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது, அவள் ஓடுகிறாள். தூரத்தில் கீழே மஞ்சள் மழைக்கோட்டு. ஜீப் அதற்குப் பக்கத்தில் வேகம் குறைகிறது. மஞ்சள் மழைக்கோட்டின் கை நெற்றிக்குப் போகிறது. சலூட். ஜீப் போய்விடுகிறது.

சார்ஜன் கூண்டுக் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் சத்தம். அவள் ஆள் விழுந்ததைச் சொல்வது. அவர் லைசன் கேட்பது. முதலாளி ஜீப்பைப் பத்திப் பேச நீ யாரு. லைசனைத் திரும்ப எடுப்பதற்கான துண்டு. ஒவ்வொன்றும் அவருடைய வாயாலேயே.

அதற்கும் அப்புறம் என் குரல். அது தமிழில் இருந்ததால், மொழிபெயர்க்கும் ஐயா எழுந்து அந்தச் சபைக்கு நடுவில் நின்று அதைச் சிங்களத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். போட்டுவிடு மகளே. பொலிஸ்காரர்கள் நீட்டினால் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். நமக்கு எதற்கு வம்பு.

வாழ்க்கை முழுக்க எத்தனையோ பேருக்கு நான் சொன்ன வார்த்தைதான். தமிழில் சொல்லும்போது புத்திமதி மாதிரி இருந்தது. இன்னொரு வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

"யார் அது?" என்றார் நீதவான் அம்மா.

எழுந்தேன்.

"அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க அம்மா. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அந்தப் புள்ளைக்கும் தெரியாது."

"தெரியாமல் ஏன் போடச் சொன்னீர்கள்?"

"நாங்க அப்படித்தாங்க போட்டுப் பழகிட்டோம்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சார்ஜனைப் பார்த்தார். அந்த இரண்டாவது பார்வை நீளமாக இருந்தது.

ஜீவராணி விடுதலை. லைசனை அன்றைக்கே கொடுக்கச் சொன்னார். கையெழுத்து வாங்கிய விதத்தைப் பற்றிப் பெரிய பொலிசுக்கு எழுதச் சொன்னார். எழுதினார்களாம். சார்ஜன் இன்னொரு டவுனில் நிற்கிறார் என்று கேள்வி. அதே சலவைச் சட்டைதான், அதே ரோட்டோரம்தான். ஜீப்பை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரமும் முனி வளைவில் அது போனதைப் பார்த்தேன். இதைச் சொல்லும்போதே எனக்குப் பிரஷர் ஏறுகிறது.

லைசன் வாங்கக் கோர்ட்டு ஒபீசுக்குப் போனோம். சின்ன ஜன்னல், நீள வரிசை. உள்ளே இருந்தவர் லைசனை எடுத்து வைத்துவிட்டு ஒரு பெரிய புத்தகத்தைத் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

"இங்க போடுங்க."

ஜீவராணி பேனாவை வாங்கினாள். தாளைப் பார்த்தாள். வாசிப்பதுபோல் பார்க்கவில்லை. பேனாவைப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"இதுல என்னா எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க மாத்தயா."

"லைசன் கெடச்சதுன்னுதான். போடுங்க."

"அப்ப அத வாசிங்க."

"இவ்வளவு நல்லாச் சிங்களம் பேசுறீங்க, வாசிக்கத் தெரியாதா?"

"தெரியாது," என்றாள் சத்தமாக, வரிசை முழுக்கக் கேட்கும்படி. "பேச மட்டுந்தான் தெரியும். வாசிங்க, இல்லாட்டி தமிழ் தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க."

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. பஸ் போய்விடும் என்றான் ஒருவன். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, போட்டுரும்மா என்று. எழுபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது என் தோளுக்குப் பின்னால் நின்றவர் எங்கள் ஆள், கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்துப் பேச்சு, மெல்லச் சொன்னார்.

"போட்டுட்டுப் போகச் சொல்லுங்க பெரியவரே. கவர்மெண்டு ஆளுங்க நீட்டுறாங்க, எதுக்கு வம்பு?"

திரும்பினேன். அவர் வயதென்ன, முகமென்ன என்று எதையும் பார்க்கவில்லை.

"வாய மூடுய்யா," என்றேன். "வாசிக்கட்டும்."

ஜன்னலுக்குள்ளே அவர் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். விரலை வைத்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஜீவராணி ஜன்னல் கம்பியில் காதை வைத்து, கடைசி வரி வரைக்கும் கேட்டாள். அப்புறம்தான் பேனாவை எடுத்தாள்.